ஸ்மார்ட் போர்டில் கூட்டத்தை ஈர்க்கும்படி விளக்கவுரை நடத்துவது: சேலம், ஏற்காடு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளின் திறன்மிகு வகுப்பறைகளில் தொடங்கிக் கல்லூரிக் கருத்தரங்குக் கூடங்கள் வரை ஸ்மார்ட் போர்டு பல சுவர்களில் ஏறிவிட்டது. ஆனால் பெரும்பாலான இடங்களில் அது பெரிய தொலைக்காட்சிப் பெட்டியாகத்தான் பயன்பட்டு வருகிறது. பாடம் நடத்தும் ஆசிரியர்கள், கருத்தரங்கில் பேசவிருக்கும் கல்லூரி மாணவர்கள், ஏற்காட்டுக் காப்பி விவசாயிகளுக்குப் பயிற்சி தருவோர், ஜவ்வரிசி ஆலைகளிலும் வெள்ளிப் பட்டறைகளிலும் கணக்கு வழக்கை விளக்க வேண்டியவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்பட்டுள்ளது.

புரொஜெக்டரில் பவர்பாயின்ட் போட்டுப் பேசுவதற்கும் ஸ்மார்ட் போர்டில் விளக்குவதற்கும் உண்மையில் என்ன வேறுபாடு?

புரொஜெக்டர் திரையில் நீங்கள் காட்டுவது எல்லாம் நேற்றிரவே முடிந்துபோன வேலை. ஸ்மார்ட் போர்டில் கூட்டத்தின் கண்முன்னே ஒரு வேலை நடக்க முடியும். கோடு இழுக்கலாம், படத்தை நகர்த்தலாம், தப்பாக வரைந்ததை அழித்துத் திருத்தலாம், அந்தப் பேனாவை முன்வரிசையில் இருப்பவர் கையில் கொடுத்துவிடவும் செய்யலாம். கனடாவின் கால்கரி நகரில் இருந்த ஸ்மார்ட் டெக்னாலஜீஸ் நிறுவனம் 1991இல் முதல் ஸ்மார்ட் போர்டை வெளியிட்டபோதே கணினியைப் பலகையிலிருந்தபடி தொட்டு இயக்குவதுதான் அதன் நோக்கமாக இருந்தது. ஆகவே விளக்கவுரையைத் தயாரிக்கும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பக்கத்தில் கூட்டத்தார் செய்வதற்கு என்ன மிச்சம் வைத்திருக்கிறேன்? எதுவும் மிச்சம் இல்லையென்றால் அந்தப் பக்கத்துக்கு ஸ்மார்ட் போர்டு தேவையில்லை, சாதாரணத் திரையே போதும். இங்கே உள்ள மற்றப் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு கருத்தின் கிளைகள்தான்.

எங்களிடம் இருப்பது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பலகையின் எதிரே, அல்லது தலைக்கு மேலே நீண்ட கையின் நுனியில், புரொஜெக்டர் இருந்தால் அது பழைய முறைப் பலகை. படம் அதன் உள்ளிருந்தே வந்தால் அது பேனல், அதாவது தொடுதிரை கொண்ட பெரிய எல்இடி திரை. பேனல்கள் பெரும்பாலும் 65, 75, 86 அங்குல அளவுகளில் வருகின்றன. அவற்றில் பல ஆண்ட்ராய்டு இயங்குதளத்தோடு வருவதால் மடிக்கணினி இல்லாமலேயே எழுதவும் காணொளி காட்டவும் முடியும். புரொஜெக்டர் வகையில் சில, தமக்கென்று கொடுத்த மின்காந்தப் பேனாவைத் தவிர வேறு எதற்கும் அசையாது. விரலால் தொட்டுப் பார்த்தும் வேலை செய்யவில்லை என்றால், பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் பீரோவில் அந்தப் பேனா கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

மடிக்கணினியின் படம் பலகையில் வருகிறது, ஆனால் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லையே?

எச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் ஒலியையும் மட்டுமே பலகைக்குக் கொண்டு போகிறது. நீங்கள் தொட்ட இடம் எது என்ற செய்தி பலகையிலிருந்து கணினிக்குத் திரும்பி வர, தனியாக ஒரு யூஎஸ்பி கேபிள் வேண்டும். பலகையில் பெரும்பாலும் ‘டச்’ என்று எழுதப்பட்ட, சதுர வாய் கொண்ட துளையிலிருந்து அது புறப்படும். பழைய பிரின்டர்களின் பின்புறம் நீங்கள் பார்த்திருக்கும் அதே வகைத் துளைதான். வந்த புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கேபிளோடு முடிந்துவிடுகின்றன. கேபிள் மிக நீளமாக இருந்தாலும் தொடுதல் விட்டுவிட்டு வேலை செய்யும் என்பதால், கணினி வைக்கும் மேசையைப் பலகைக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்வது நல்லது.

எழுதுவது ஓரிடத்தில், கோடு விழுவது வேறிடத்தில். என்ன செய்வது?

புரொஜெக்டர் வகையானால், மின்விசிறிக் காற்றிலோ ஒட்டடை அடிக்கும்போதோ புரொஜெக்டர் இம்மியளவு நகர்ந்திருக்கும். மென்பொருளில் உள்ள ‘கேலிபரேஷன்’ என்ற பகுதியைத் திறந்து, திரையில் ஒவ்வொன்றாகத் தோன்றும் சிலுவைக் குறிகளின் நட்டநடுவே பேனா நுனியால் தொட்டு வந்தால் சரியாகிவிடும். இதைக் கூட்டம் வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

பேனலில் இந்தத் தொல்லை அரிது. ஆனால் வேறொன்று உண்டு. பல பேனல்கள் கண்ணாடியின் விளிம்புச் சட்டத்திலிருந்து பரவும் அகச்சிவப்பு ஒளிக்கற்றைகளை எது மறைக்கிறதோ அதையே தொடுதல் என்று எடுத்துக்கொள்கின்றன. மறைப்பது விரல்தானா, சேலை முந்தானையா, தொளதொளவென்ற சட்டைக் கையா, துப்பட்டாவா என்று அவற்றுக்குத் தெரியாது. எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே தானாக ஒரு கோடு ஓடினால், அநேகமாக உங்கள் உடையின் ஏதோ ஓர் ஓரம் கண்ணாடியை உரசிக்கொண்டிருக்கிறது. விளிம்புச் சட்டத்தில் தூசு படிந்தாலும், சன்னல் வழியே வெயில் நேராக விழுந்தாலும் இதே கோளாறு வரும். உலர்ந்த மெல்லிய துணியால் சட்டத்தின் உட்புறத்தைத் துடைப்பதும், மேற்குச் சன்னலுக்கு ஒரு திரைச்சீலை போடுவதும் போதும்.

கூட்டத்தார் பங்கெடுக்கும்படி பக்கங்களை எப்படித் தயாரிப்பது? உள்ளூர் எடுத்துக்காட்டு ஒன்று தர முடியுமா?

சேலம் மாவட்டத்துக்காரர்களிடம் மேட்டூர் அணையை எடுத்துக்கொண்டு பேசுவதைப் போல எளிதானது வேறில்லை. நாளிதழில் தினமும் நீர்மட்டம் பார்க்கிறவர்கள் நாம். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பதும் பலருக்கு மனப்பாடம். இதை வழக்கமான முறையில் காட்டுவதானால் ஒரு ஸ்லைடில் அட்டவணை போட்டு, மட்டம் இவ்வளவு இருந்தால் இருப்பு இவ்வளவு என்று வாசித்துவிட்டுப் போய்விடலாம். யாருக்கும் நினைவில் நிற்காது.

ஸ்மார்ட் போர்டில் இப்படிச் செய்யுங்கள். பக்கத்தில் இரண்டு அச்சுகளை மட்டும் வரைந்து வையுங்கள். கிடை அச்சில் 0 முதல் 120 வரை அடிக்கணக்கு, நெடுக்கு அச்சில் டிஎம்சி. வலது மேல் மூலையில் 120 அடிக்கு 93.47 என்று ஒரே ஒரு புள்ளி. மற்றதெல்லாம் வெற்றிடம். “அணையில் பாதி மட்டம், அதாவது 60 அடி தண்ணீர் இருந்தால் எத்தனை டிஎம்சி இருக்கும்? இந்தப் பேனாவால் வந்து குறியுங்கள்” என்று ஒருவரை அழையுங்கள். அநேகமாக அவர் 47ஐ ஒட்டிப் புள்ளி வைப்பார். பாதி மட்டம் என்றால் பாதி இருப்பு என்றுதான் மனம் ஓடும். அதை அழிக்காதீர்கள். இன்னொருவரை அழைத்து வேறு நிறத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அவர் முதலாமவரோடு உடன்படாவிட்டால் கூட்டத்தில் பேச்சுக் கிளம்பும், அதையும் ஓடவிடுங்கள். “தண்ணி கீழே போகப் போகச் சீக்கிரம் காலியாகும்” என்று கரையோரத்துக்காரர் ஒருவர் சொல்லக்கூடும். அப்படிச் சொல்பவர் கையில் உடனே பேனாவைக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு, ஏற்கெனவே மறைத்து வைத்திருக்கும் உண்மைப் புள்ளிகளைத் திரை விலக்கிக் காட்டுங்கள். 60 அடியில் இருப்பது ஏறக்குறைய 25 டிஎம்சிதான், பாதியில் பாதிக்குச் சற்றே கூடுதல். 100 அடியில் ஏறக்குறைய 65. அப்படியானால் மேலே உள்ள 20 அடித் தண்ணீர், கீழே உள்ள 60 அடித் தண்ணீரைவிட அதிகம். இந்த இடத்தில் கூட்டம் சட்டென்று நிமிர்ந்து உட்காரும். ஏன் இப்படி என்று நீங்கள் உடனே சொல்லிவிடாமல் அடுத்த வெற்றுப் பக்கத்தைத் திறந்து, பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டை வரைய யாராவது வருகிறார்களா என்று பாருங்கள். அடியில் குறுகி மேலே விரியும் வடிவத்தை ஒருவர் வரைந்துவிட்டால் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். பிறகு இரண்டு புள்ளிகளையும் 0, 120 ஆகிய முனைகளையும் இணைத்து அந்த வளைவை நீங்களே மெதுவாக ஒரு கோடாக இழுங்கள். இந்த முழு நிகழ்வுக்கும் பத்து நிமிடம் ஆகும், அச்சடித்த அட்டவணைக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒன்பது நிமிடத்தை வீண் என்று நினைப்பவர்கள் ஸ்மார்ட் போர்டை நாடாமலிருப்பதே மேல்.

தயாரிப்பில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விடையை மறைக்கும் திரையையும், நகர்த்தக் கூடாத அச்சுகளையும் மென்பொருளில் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வருகிறவரின் உள்ளங்கை பட்டு வரைபடம் முழுவதும் நகர்ந்துபோகும், விடையும் எட்டிப் பார்த்துவிடும்.

பள்ளிக் குழந்தைகளுக்கு இதே முறை சரிப்படுமா?

சரிப்படும், கணக்கு மட்டும் சிறியதாக இருக்க வேண்டும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது புவியியல் பாடத்தில் வருவதுதான். பலகையின் கீழே சேலம், மேலே ஏற்காடு, இடையே இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை ஒன்றை வரைந்து, கீழே 36 டிகிரி காட்டும் வெப்பமானி ஒன்றை வையுங்கள். அதன் நகலை மேலே இழுத்துச் சென்று அங்கே எவ்வளவு காட்டும் என்று ஒரு குழந்தை எழுதட்டும். எட்டு டிகிரி குறைத்து 28 என்று வந்தால் சரி. மலைக்குப் போகும்போது பாதி வழியிலேயே ஸ்வெட்டர் போட்ட அனுபவத்தை யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் எல்லாரும் மறந்துபோவது உயரம். பெரியவர்கள் கண்மட்டத்துக்கு மாட்டிய பலகையின் மேல் பாதி மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எட்டாது. நகர்த்த வேண்டிய படங்களையும் எழுத வேண்டிய கட்டங்களையும் பக்கத்தின் கீழ்ப் பாதியிலேயே அமையுங்கள். நாற்காலி மேல் ஏற்றிவிடுவது ஆபத்து.

பெரியவர்கள் கூட்டத்தில் யாரும் எழுந்து வருவதில்லை. எப்படி வரவழைப்பது?

“யாராவது வாருங்கள்” என்று பொதுவாகச் சொன்னால் எல்லாரும் குனிந்து செருப்பைப் பார்ப்பார்கள். இதில் கூச்சம் பாதி, தவறாகச் செய்து மானம் போய்விடுமோ என்ற அச்சம் பாதி. ஆகவே சரி, தவறு என்று ஒரே விடை கொண்ட வேலையை முதலில் கொடுக்கக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் தங்கள் அனுபவத்தைக் காட்டும்படியான வேலையைக் கொடுக்க வேண்டும்.

ஏற்காட்டில் காப்பி விவசாயிகளுக்கு விளக்கவுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820ஆம் ஆண்டு வாக்கில், சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் என்று தொடங்கும் வரலாற்று ஸ்லைடைக் கேட்டு அவர்கள் கொட்டாவி விடுவார்கள். அதற்குப் பதில், அவர்களில் ஒருவர் தோட்டத்திலேயே முந்தைய நாள் எடுத்த ஒரு காப்பிச் செடியின் படத்தைப் பலகை முழுவதும் நிரப்பி, “இந்தச் செடிக்கு நீங்கள் கவ்வாத்து செய்வதானால் எந்தெந்தக் கிளையை எடுப்பீர்கள்?” என்று கேட்டுச் சிவப்புப் பேனாவை நீட்டுங்கள். ஐயா ஒருவர் வந்து இரண்டு கிளைகளை வெட்டிக் கோடு போடுவார். இன்னொருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே “அதை விட்டுட்டு அந்த உறிஞ்சு கிளையை எடுங்க” என்பார். அவரையும் மேலே அழைத்து நீல நிறம் கொடுங்கள். இருவர் போட்ட கோடுகளும் ஒரே படத்தின் மேல் நிற்கும்போது, எந்தக் கோட்டில் ஒத்துப் போகிறார்கள், எதில் மாறுபடுகிறார்கள் என்பது கூடத்தின் கடைசி வரிசைக்கும் தெரியும். பயிற்சி தர வந்தவர் சொல்ல வேண்டியதை அந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்கலாம். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சி தாக்கிய தண்டின் படத்தைப் பெரிதாக்கி, அறிகுறி தெரியும் இடத்தை வட்டமிடச் சொல்வதும் இதே வகைதான்.

பெண்கள் பின்வரிசையில் அமரும் கூட்டங்களில் பலகை முன்வரிசை ஆண்களின் சொத்தாகிவிடுகிறது. எழுந்து வரத் தயங்குகிறவர் சொல்லச் சொல்ல அவர் பக்கத்தில் இருக்கும் ஒருவர் வந்து குறிப்பது நல்ல வழி. யோசனை யாருடையது என்று அவர் பெயரைச் சொல்லியே குறியுங்கள். “அக்கா சொன்னது இது” என்று ஒரு முறை பலகையில் ஏறிவிட்டால் அடுத்த முறை அந்த அக்காவே எழுந்து வருவார்.

பலகையில் எழுதும்போது முதுகைக் காட்டுவதைத் தவிர்க்க முடியவில்லையே?

வலக்கைக்காரர்கள் பலகையின் முன்னே நடுவில் நிற்காமல், கூட்டத்தாருக்கு இடப்பக்கமாகத் தெரியும் ஓரத்தில் நின்று கையை நீட்டி எழுதினால் உடம்பு படத்தை மறைக்காது. இடக்கைக்காரர்களுக்கு மறுபக்கம். எழுதும்போது பேசாதீர்கள், பேசும்போது எழுதாதீர்கள். எழுதி முடித்ததும் ஓரடி விலகிக் கூட்டத்தைப் பார்த்துப் பேசுங்கள். புரொஜெக்டர் வகையில் உங்கள் நிழலும் விழும் என்பதால் இது இன்னும் தேவை. அந்த ஒளியை நேராகப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு என்பதைக் குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகவோ குப்பையாகவோ தெரிகின்றன. கையால் எழுதினாலும் பின்வரிசைக்குப் புரிவதில்லை. என்ன செய்யலாம்?

இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். முதலாவது எழுத்துரு பற்றியது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பமாகத்தான் தெரியும். யூனிகோடில் தட்டிய கோப்பு அப்படி ஆகாது. விண்டோஸில் நிர்மலா எழுத்துரு உடனேயே வருகிறது, ஆண்ட்ராய்டு பேனல்களில் நோட்டோ தமிழ் எழுத்துரு பெரும்பாலும் இருக்கும். வேறு ஊரில், வேறொருவர் பலகையில் பேசப் போகிறீர்கள் என்றால் கோப்பின் பிடிஎஃப் நகல் ஒன்றையும் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் எழுத்துரு கூடவே பயணிக்கும்.

இரண்டாவது, அளவும் புள்ளியும். ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்தில் சுழிகளும் வளைவுகளும் கொம்புகளும் அதிகம். ஆங்கிலத்தில் தெளிவாகத் தெரிகிற 24 என்ற எழுத்து அளவு தமிழில் பின்வரிசைக்கு மங்கிவிடும். 36க்குக் கீழே போகாதிருப்பது நல்லது, ஒரு பக்கத்தில் ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். கையெழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளிதான் முதல் பலி. பேனாவைச் சட்டென்று தட்டி எடுத்தால் பல பலகைகள் அதைக் கோடாக எடுத்துக்கொள்வதில்லை, ஒன்றும் விழாது அல்லது ஊசி முனையளவு விழும். “கல்” என்று எழுதியது பின்வரிசைக்குக் “கல” என்று படும். புள்ளியைத் தட்டாமல், பேனாவை ஊன்றிச் சிறு வட்டமாகச் சுழற்றி வையுங்கள். பேனாவின் தடிமனையும் இயல்பாக இருப்பதைவிட ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். கரும்பலகையில் எழுதும் வேகத்தில் பாதி வேகம் போதும்.

என்ன மென்பொருள் பயன்படுத்துவது? காசு கட்ட வேண்டுமா?

கட்டாமலே நிறையச் செய்யலாம். சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்த ஓப்பன்போர்டு இலவசமானது, திறந்த மூலநிரல் கொண்டது, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். மறைக்கும் திரை, உருப்பெருக்கி, அளவுகோல், கோணமானி, கவராயம் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. கூகுளின் ஜாம்போர்டைப் பரிந்துரைக்கும் பழைய காணொளிகளைப் பார்த்துத் தேட வேண்டாம், அந்தச் சேவை 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

பவர்பாயின்ட் மட்டுமே பழக்கம் என்றால் அதிலேயே தொடங்குங்கள். ஸ்லைடு ஓடும்போது கன்ட்ரோல் விசையோடு ‘பி’ எழுத்தைத் தட்டினால் பேனா வரும், ‘ஈ’ என்று ஒலிக்கும் ஆங்கில எழுத்தைத் தட்டினால் எழுதியதெல்லாம் அழியும். ‘பி’ என்று ஒலிக்கும் இன்னோர் எழுத்து, அதாவது ஆங்கில வரிசையின் இரண்டாம் எழுத்து, திரையைக் கறுப்பாக்கும். கூட்டத்தின் கவனம் பலகையை விட்டு உங்கள் பக்கம் திரும்ப வேண்டிய நேரத்தில் அந்தக் கறுப்புத் திரைக்கு ஈடான கருவி வேறில்லை. அறிவியல் ஆசிரியர்களுக்கு, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் உருவகப்படுத்தல்களும், கணித ஆசிரியர்களுக்கு ஜியோஜீப்ரா மென்பொருளும் பெரும் துணை. மின்சுற்றையோ முக்கோணத்தையோ மாணவரே இழுத்து மாற்றிப் பார்க்கலாம்.

எங்கள் ஊர் மலைக்கிராமம். இணையம் கிடைக்காது, மழைக்காலத்தில் பனிமூட்டம் வகுப்பறைக்குள்ளேயே வரும். பலகை தாங்குமா?

இணையம் இல்லாதது பெரிய குறையே அல்ல. ஓப்பன்போர்டும் ஜியோஜீப்ராவும் கணினியில் நிறுவியபின் இணையம் கேட்காது, ஃபெட் உருவகப்படுத்தல்களையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். சேலத்துக்கு இறங்கும் நாளில் அடுத்த வாரத்துக்கு வேண்டிய காணொளிகளைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு மேலே போவது பல மலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு இப்போதே வழக்கம். நேரலை இணையத்தை நம்பி எந்த விளக்கவுரையையும் தயாரிக்காதீர்கள், சமவெளியிலும்கூட.

ஈரம் வேறு விஷயம். குளிர்ந்து கிடக்கும் கண்ணாடியில் ஈரக்காற்று பட்டால் நீர்த்துளிகள் படியும். அந்தத் துளிகளோடு பேனலை இயக்காமல் முதலில் உலர்ந்த துணியால் துடைத்து, சன்னலைச் சாத்தி, சற்று நேரம் விட்டு இயக்குங்கள். மேலே உறை போட்டு வைப்பவர்கள் அந்த உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கோடை இடிமழையில் மின்னல் பெரிய ஆபத்து. வகுப்பு முடிந்ததும் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்றிவிடுங்கள். வோல்டேஜ் ஏற்ற இறக்கம் உள்ள ஊர்களில் ஸ்டெபிலைசர் இல்லாமல் பேனலை மாட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு விளக்கவுரையில் எத்தனை முறை கூட்டத்தை அழைக்கலாம்?

நாற்பது நிமிட வகுப்பானால் இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று. ஒவ்வொரு பக்கத்திலும் யாரையாவது அழைத்தால் நடமாட்டத்திலேயே நேரம் போய்விடும். எழுத்துகள் பறந்து வருவது, கைதட்டல் ஒலி போன்ற ஜோடனைகள் வேண்டாம்.

ஸ்மார்ட் போர்டு வந்தால் மாணவர்களின் மதிப்பெண் கூடுமா?

பலகை மட்டும் வந்தால் கூடாது. லண்டன் இடைநிலைப் பள்ளிகளுக்குப் பெருமளவில் இந்தப் பலகைகள் வழங்கப்பட்டதைப் பற்றி 2007இல் வெளிவந்த மதிப்பீடு, முதல் ஆண்டில் மாணவர் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதையும் காணவில்லை. நம் ஊர்க் கல்வி அலுவலர்கள் இதைப் படித்துவிட்டுப் பலகைகளைக் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. பலகையை மாட்டுவதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கையாவது ஆசிரியர் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பக்கத்தில் இருக்கும் கரும்பலகையையும் அகற்றிவிடாதீர்கள். கணக்கின் படிகள் வகுப்பு முடியும்வரை கண்முன் நிற்க வேண்டுமென்றால் அதற்குக் கரும்பலகைதான் ஏற்றது, ஸ்மார்ட் போர்டில் அடுத்த பக்கம் திறந்ததும் முந்தைய பக்கம் மறைந்துவிடுகிறது.

புதிதாக வாங்குகிறோம். எதைக் கவனிப்பது?

விற்பவர் தன் மடிக்கணினியில் கொண்டுவரும் மினுமினுப்பான காட்சியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் தமிழ்க் கோப்பை உங்கள் பென்டிரைவில் கொண்டுபோய்த் திறந்து காட்டச் சொல்லுங்கள். “ஸ்ரீ”, “க்ஷ”, “ணை” எல்லாம் சரியாகத் தெரிகின்றனவா, வேகமாக எழுதினால் கோடு பேனாவுக்குப் பின்னாலேயே வருகிறதா, இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுத முடிகிறதா என்று நீங்களே எழுதிப் பாருங்கள். கூடத்தின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து படித்துப் பார்த்தபின் அளவைத் தீர்மானியுங்கள். பழுதானால் ஆள் சேலத்திலிருந்து வருவாரா, சென்னையிலிருந்து வருவாரா, மலைமேல் வருவாரா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் அதிகமான கூடமானால் பேனல், இருட்டாக்க முடிந்த பெரிய கூடமானால் புரொஜெக்டர் என்பது பொதுவான வழிகாட்டி.

பேசிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப் செய்தி திரையில் வந்து விழுகிறது. தவிர்ப்பது எப்படி?

விளக்கவுரைக்கென்று கணினியில் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் இல்லாமல் வைத்துக்கொள்வதே நல்ல வழி. அது முடியாவிட்டால் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். மாணவர் மதிப்பெண் பட்டியல், ஆதார் எண், தொழிலாளர் சம்பளக் கணக்கு போன்றவை திறந்திருக்கும் கணினியைப் பலகையில் இணைக்கவே கூடாது.

நடுவில் மின்சாரம் போய்விட்டால்?

பேனலையும் கணினியையும் தாங்கும் யூபிஎஸ் இருந்தால் கவலையில்லை. பேனலின் பின்புறத் தகட்டில் எழுதியிருக்கும் வாட் அளவைப் பார்த்து அதற்கேற்ற யூபிஎஸ் வாங்க வேண்டும், கணினிக்கென்று வாங்கிய சிறிய பெட்டி தாங்காது. யூபிஎஸ் இல்லையென்றால், கூட்டத்தார் எழுதிய பக்கங்கள் போய்விடாமல் இருக்க ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சேமித்துவிடுங்கள். அவற்றைப் பிடிஎஃப் ஆக்கி அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினால், தாங்களே போட்ட கோடுகளைப் பார்க்கக் கோப்பைத் திறக்காதவர் யாரும் இருக்கமாட்டார்கள். மின்சாரம் திரும்பும்வரை, முக்கியமான இரண்டு மூன்று வெற்றுப் பக்கங்களின் அச்சுப்படிகளைக் கையோடு வைத்திருந்து ஐந்தைந்து பேராகப் பிரித்து பால்பாயின்ட் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். பலகை உயிர்பெற்றதும் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் வந்து தங்கள் கோட்டை அதில் எடுத்து எழுதலாம்.